கையெழுத்துக்கு முந்தி விழுந்த மாலை

போன ஞாயித்துக்கெழம பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு மண்டபத்துல விருந்து. கூப்பிட்டாங்க, போனேன். கெழவன கூப்பிட்டா சோத்துக்கு வருவான்னு நெனச்சிருப்பாங்க. தப்பில்ல, சோத்துக்குத்தான் போனேன்.

ஆனா சாப்பிடாம வந்துட்டேன்.

ஏன்னு கேக்குறீங்களா? மேடையில ஒரு பையன நிக்க வச்சாங்க. ஆளு ஒசரத்துக்கு மாலை. அதுக்கு மேல பொன்னாடை. மைக்குல ஒருத்தரு, "உபகாரச் சம்பளத்தில் வெளிநாடு சென்று படிக்கவிருக்கும் நம் சமுதாயத்தின் செல்வம்"னு தொண்ட கிழிய பேசறாரு. அந்தப் பையன் மாலைக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டு, ஆட்டுக்குட்டி மாதிரி முழிக்கிறான்.

பக்கத்து நாற்காலியில இருந்தவர கேட்டேன்.

"தம்பி, உபகாரச் சம்பளம் கெடச்சிருச்சா?"

"அப்ளை பண்ணியிருக்கான் அங்கிள்."

"அது இல்ல. கெடச்சிருச்சா?"

"கெடச்சிரும் லா. எல்லாம் பேசியாச்சு."

யாரு, யார்கிட்ட பேசியாச்சு? கேட்டா அவருக்கும் தெரியாது. எந்திரிச்சேன். சாம்பார் வாசன மூக்க இழுக்குது, இருந்தாலும் எந்திரிச்சேன். வெளிய வந்து பஸ்ஸுக்கு நின்னா ஒரு எடத்துல நிக்க முடியல. பசியான்னு பாத்தேன்... இல்ல. பசி எனக்குப் பழக்கம். இது கோவம்.

பழைய கோவம்.

ஹார்பர்ல தீ புடிச்சு எரிஞ்சுதே, ஞாபகம் இருக்கா? பக்கத்துல எங்க பண்டமாரான்ல ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடன்னு ஆடிச்சு. அடுப்புல கொதிக்கிற சோத்த அப்படியே விட்டுட்டு ஜனங்க ரோட்டுக்கு ஓடுனாங்க. எங்க வீட்டுக் கோழி அந்த வாரம் பூரா முட்டையே போடல. அந்தத் தீ அணைஞ்சு, ரெண்டு தீபாவளி போயி, அதுக்கப்புறம் ஒரு தைப்பூசம் வந்துச்சு. அதுலதான் இந்த விஷயம் ஆரம்பம்.

எனக்குத் தேதி தெரியாது. பள்ளிக்கொடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்குனதோட சரி. தீ, வெள்ளம், தைப்பூசம்... இத வச்சுத்தான் வருஷத்த முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன். இந்தப் பத்திரிகையில வர்ற என் பத்தியகூட நான் சொல்லச் சொல்ல எழுதுறது என் மருமகதான். கெட்ட வார்த்தைய மட்டும் விட்டுடுவா. இந்த வாரம் அவளுக்கு விட வேண்டியது நெறைய இருக்கு.

அந்தத் தைப்பூசத்துக்கு நானும் மாரிமுத்து அண்ணனும் குடும்பத்தோட பத்துமலைக்குப் போனோம். மாரிமுத்து அண்ணே யாருன்னா, ஹார்பர்ல என் கேங்ல மூட்டை தூக்குனவரு. இரும்பு ஒடம்பு. வருஷா வருஷம் பால்குடம் எடுப்பாரு. எங்களையெல்லாம் பின்னால விட்டுட்டு மேல ஏறி, "என்னடா, நத்தைங்களா?"ம்பாரு.

அந்த வருஷம் பாதி படியில நின்னுட்டாரு.

"கால் வலியாண்ணே?"

"காலு நல்லாத்தாண்டா இருக்கு. காத்துதான் வரமாட்டேங்குது."

குடத்த எடுத்து பொண்டாட்டி தலையில வச்சாரு. அண்ணி திகைச்சுப் போயி பாத்துச்சு. "பயப்படாத. முருகன் ஒண்ணும் சொல்லமாட்டாரு. அவருக்கே ரெண்டு சம்சாரம், பாரத்தப் பிரிச்சுக் குடுக்கத் தெரியும்"னாரு. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. அவரும் சிரிக்கப் போயி இருமல் வந்து, படியிலயே குந்திட்டாரு.

இந்த இருமல் எங்க ஆளுங்க எல்லாருக்கும் இருந்துச்சு. ஏன்னு சொல்றேன். அப்ப கப்பல்ல ஒரு மூட்டை வரும். கூரைத் தகடு செய்ற ஃபேக்டரிக்குப் போற மூட்டை. உள்ள பஞ்சு மாதிரி, ஆனா பஞ்சு இல்ல... ஒருவித நாரு. நாங்க கொக்கியால குத்தி இழுப்போம். குத்துன எடத்துல பொத்துக்கிட்டு வெள்ளையா பறக்கும். கப்பல் அடி ரூமுக்குள்ள காத்து ஏது? தலை, புருவம், மீசையெல்லாம் ஒட்டிக்கும். "மாப்பிள்ளைக்கு ஒரே நாள்ல நரைச்சிருச்சு"ன்னு ஒருத்தன ஒருத்தன் கேலி பண்ணிக்குவோம். நல்லா சிரிப்போம். வாயத் தொறந்துதான சிரிக்கணும்?

இருமுதுன்னு டிஸ்பென்சரிக்குப் போனா அங்க மருந்து குடுக்குற டிரெஸர், எல்லாம் சிகரெட்டாலதாங்கிற மாதிரி, "ரோக்கோ குறைச்சுக்க"ம்பாரு. ஒரு பாட்டில் இருமல் மருந்து, ஒரு நாள் எம்.சி. லீவு. மாரிமுத்து அண்ணே ஜென்மத்துல பீடி தொட்டதில்ல. வெத்தல கூட போடமாட்டாரு. அவருக்கும், "ரோக்கோ குறைச்சுக்க"தான்.

சரி, படிக்கு வரேன். அவரு குந்தியிருக்காரு, மேல இருந்து ஒரு பொண்ணு எறங்கி வருது. லீலா. எங்க கேங்குக்கு சரக்கு தூக்குற வின்ச் ஓட்டுன ராமையாவோட மக. ராமையா இருமியே போனவரு. லீலா பண்டமாரான்லயே பொறந்து வளந்து, அரிக்கேன் வெளக்குல படிச்சு டாக்டராயி, அப்ப ஒரு பல்கலைக்கழகத்துல டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கே பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்துச்சு.

அந்தக் கூட்டத்துல, படியில மண்டி போட்டு, மாரிமுத்து அண்ணன் முதுகுல காத வச்சுது. "மாமா, மூச்ச இழுங்க... விடுங்க... இன்னொரு தடவ." எந்திரிச்சப்ப அதோட மொகம் மாறியிருந்துச்சு.

"உங்க கேங்ல வேற யாருக்கெல்லாம் இப்படி இருக்கு?"

"யாருக்கு இல்லன்னு கேளும்மா. சீக்கிரம் முடியும்."

அதுக்கப்புறம் ஞாயித்துக்கெழம ஆனா லீலா பண்டமாரானுக்கு வந்துரும். பாய் டீ ஆத்துற காக்கா கடையில ஒக்காந்து, யாரு எந்த மூட்டை தூக்குனா, எத்தன காலம் தூக்குனா, எப்ப இருமல் வந்துச்சுன்னு ஒவ்வொருத்தரா விசாரிக்கும். ஒரு நாள் எங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்லுச்சு.

"ஒருத்தர் இருமுனா அது அவரோட வியாதி மாமா. ரோக்கோன்னு சொல்லிடுவாங்க. அந்த மூட்டை தூக்குன எல்லாரையும் எக்ஸ்ரே எடுத்து, தூக்காதவங்களையும் எடுத்து, பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினாத்தான் மூட்டைதான் காரணம்னு ஆகும். அப்ப யாரும் மறுக்க முடியாது. உங்களுக்கு நஷ்டஈடு கேக்கலாம். இப்ப தூக்குற பையன்களையும் காப்பாத்தலாம்."

அதுக்கு செலவாகும். வெளிநாட்டுல ஒரு அறக்கட்டளை இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்குதாம். லீலா எழுதிப் போடப் போகுது. ஆனா ஒரு கெடு இருக்கு. அந்தக் கெடுவுக்குள்ள போய்ச் சேரணும். போறதுக்கு முன்னால பல்கலைக்கழகம் ஒப்புதல் கையெழுத்துப் போடணும்.

"ஏம்மா, நீ டாக்டரு. நீயே எழுதி தபால்ல போட்டா ஆகாதா?"ன்னேன்.

"ஆகாது மாமா. பணம் என் பேருக்கு வராது, பல்கலைக்கழகத்துக்குத்தான் வரும். எக்ஸ்ரே மெஷின், ஆளு எல்லாம் அவங்களுது. நான் பாதியில விட்டுட்டுப் போனா அவங்கதான பதில் சொல்லணும்? அதனால மொதல்ல அவங்க, 'ஆமா, எங்களுக்குத் தெரியும், நாங்க பொறுப்பு'ன்னு சொல்லணும்."

நியாயமாத்தான் பட்டுச்சு. கேட் பாஸ் இல்லாம லோரி வெளிய போனா நாங்களே பின்னால ஓடுவோம். சட்டம் வேணும். சட்டத்த நான் குத்தம் சொல்ல வரல... இத நல்லா கவனிச்சுக்குங்க. அப்புறம் யாரும் கடுதாசி போட்டு என்னோட சண்டைக்கு வராதீங்க.

ஆனா அந்த கேட் பாஸ் வாங்க அந்தப் பொண்ணு பட்ட பாடு இருக்கே! மொதல்ல துறைத் தலைவர் கையெழுத்து. அவரு வெளியூரு. திரும்பி வந்தா மீட்டிங். அடுத்து டீன். அவரு விண்ணப்ப பைலத் தொறந்து பாத்துட்டு, "இருமலா? இதுல என்ன ஆராய்ச்சி?"ன்னாராம். லீலா அவரு முன்னால ஒக்காந்து பாடம் மாதிரி சொல்லிக் குடுத்து, கடசியில அவரும் போட்டாரு. அதுக்கு மேல ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ஆராய்ச்சிப் பிரிவு. அவங்க பாத்து அனுப்புனா ஆக மேல இருக்கிறவரு போடுவாரு. அங்க போயி பைல் ஒக்காந்துச்சு. கெடுவுக்கு இன்னும் நாள் இருந்துச்சு. போதுமான நாள்தான்.

இப்ப தலைவர் வராரு.

எங்க பக்கத்துல ஒரு சமூகநல சங்கம், அதுக்குத் தலைவர். நல்ல மனுஷன்யா. சாவு வீட்டுக்கு மொத ஆளா நாற்காலி கொண்டாந்து எறக்குவாரு. ஆனா அவருக்கு ஒரு வியாதி, பொன்னாடை வியாதி. அவரு காரு பின் சீட்டுல கவர் பிரிக்காத பொன்னாடை எப்பவும் கெடக்கும். எதுத்தாப்புல யாராச்சும் தும்முனா போதும், போத்தி ஒரு போட்டோ எடுத்துக்குவாரு.

எக்ஸ்ரே எடுக்கறதுன்னா எடம் வேணுமே. சங்க மண்டபத்த பின்னால தர முடியுமான்னு லீலா அவர கேட்டுச்சு. நானும் கூட நின்னேன்.

"அங்கிள், பல்கலைக்கழகம் இன்னும் ஒப்புதல் குடுக்கல. பணமும் வரல. தயவு செஞ்சு இப்ப வெளிய சொல்லிடாதீங்க."

"நான் யாரும்மா சொல்லப் போறேன்? என் வாயி இரும்புப் பெட்டி"ன்னாரு.

அடுத்த ஞாயித்துக்கெழம, மிச்சம் இருக்கிற ஆளுங்கள அங்கயே விசாரிக்கலாம்னு தலைவர் சொன்னத நம்பி லீலா மண்டபத்துக்கு வந்துச்சு. கையில ஒரு பை, ஒரு தெர்மோஸ். வாசல்ல வாழை மரம். உள்ள ஜிகினா பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கு. என்னன்னு நான் ஒருத்தர கேட்டேன். "பாராட்டு விழா"ன்னாரு. டேப்புல நாதஸ்வரம் ஓடுது. வரிசையா நாற்காலி, மொத வரிசையில மாரிமுத்து அண்ணே வேட்டி கட்டி, திருநீறு பூசி ஒக்காந்திருக்காரு. அவர அங்க ஒக்கார வச்சதும் தலைவர்தான். இருமுறவரு முன்னால இருந்தாத்தான போட்டோ நல்லா வரும்?

லீலா என் சட்டைய புடிச்சு இழுத்துச்சு. "என்ன மாமா இது?"

"வாசல்ல வந்துதாம்மா எனக்கும் தெரியும்."

அதுக்குள்ள ரெண்டு பேரு வந்து அதைத் தள்ளாத குறையா மேடைக்குக் கொண்டு போயிட்டாங்க. மாலை, பொன்னாடை, ஃபிளாஷ். தலைவர் பேசுனாரு. வெளிநாட்டுப் பணம் வந்திருச்சாம். பல்கலைக்கழகமே பண்டமாரானுக்கு எறங்கி வருதாம். நம்ம தொழிலாளிங்க நெஞ்ச அரிச்ச முதலாளிங்க முகமூடி இனிமே கிழியுமாம். கைத்தட்டு.

அப்புறம் லீலா மைக்க வாங்குச்சு. தெளிவா பேசுச்சு.

"எல்லாரும் தயவு செஞ்சு கேளுங்க. பணம் இன்னும் கெடைக்கல. நான் இன்னும் விண்ணப்பமே அனுப்பல. பல்கலைக்கழகம் கையெழுத்துப் போட்டாத்தான் அனுப்ப முடியும். அவங்க போடலாம், போடாமலும் இருக்கலாம்."

கைத்தட்டு... முன்ன விட பலமா.

தலைவர் மைக்க திரும்பப் புடுங்குனாரு. "பாத்தீங்களா? இவ்வளவு பெரிய டாக்டரு, எவ்வளவு அடக்கம்! நிறைகுடம் தளும்பாதும்பாங்க."

"அடக்கம் இல்ல அங்கிள். உண்மைய சொல்றேன்"னுச்சு லீலா, மைக் இல்லாமலே.

அதுக்கும் தட்டுனாங்க. மண்டபமே தட்டுச்சு. எனக்கு முன்னால ஒரு அம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டு, "வளத்த வளப்பு அப்படி"ன்னு சொல்லுது. ஒரு பொண்ணு மைக்க புடிச்சு, கூட்டத்தப் பாத்து, இல்ல இல்லன்னு சொல்லுது. அதையே பெருமையா எடுத்துக்குற ஜாதி ஒலகத்துல வேற எங்கயாச்சும் இருக்கா? நம்ம ஊருல மேடையில நின்னு எவனும் உண்மை சொன்னதில்ல. அதனால அன்னைக்கு ஒருத்தி சொன்னப்ப யாருக்கும் அடையாளம் தெரியல.

மாரிமுத்து அண்ணே மட்டும் தட்டல. அவருக்கு இருமறதுக்கே ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு.

அந்த வாரமே தமிழ்ப் பத்திரிகையில வந்துருச்சு, போட்டோவோட. காக்கா கடையில ஒருத்தர் சத்தமா படிச்சாரு. 'பண்டமாரான் தொழிலாளர்களுக்குப் பல்கலைக்கழகம் சோதனை, வெளிநாட்டு நிதி கிடைத்தது'. தலைவர் பேசுன முகமூடி, முதலாளியெல்லாம் இருக்கு. லீலா பேசுனது? ஒரு வரி: 'டாக்டர் அடக்கத்துடன் ஏற்புரை வழங்கினார்'.

எந்தப் பத்திரிகைன்னு கேக்காதீங்க. இது இல்ல. இது இல்லன்னு சொல்லச் சொல்லி ஆசிரியரே கேட்டுக்கிட்டாரு.

ரெண்டு மூணு நாள் கழிச்சு காக்கா கடைக்குப் போன் வந்துச்சு. என்னைக் கூப்பிட்டாங்க. லீலா.

"மாமா, பைலை நிறுத்திட்டாங்க."

என்ன நடந்துச்சுன்னா, ஆராய்ச்சிப் பிரிவுல கனகசிங்கம்னு ஒரு அதிகாரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா காலத்துல இருந்து கவர்மெண்ட் உத்தியோகம். அந்த ஆபீஸ்ல தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு. அவரு அந்த செய்திய வெட்டி, ஒழுங்கா மொழிபெயர்த்து, லீலா பைல்ல சேத்து மேல அனுப்பிட்டாரு. ஒப்புதல் இல்லாமலே பல்கலைக்கழகத்து பேர சொல்லி விழா நடத்தியிருக்காங்கன்னு, லீலாகிட்ட விளக்கம் கேட்டு கடுதாசி வந்துருச்சு. இனிமே கமிட்டி கூடி அந்த விளக்கத்தப் பாத்தப்புறந்தான் கையெழுத்து.

போயி பேசாதீங்க மாமான்னு லீலா சொல்லுச்சு. கேப்பமா? நானும் மாரிமுத்து அண்ணனும் பஸ் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போயி, அவரு வீட்ட விசாரிச்சு கதவத் தட்டிட்டோம்.

கதவத் தொறந்தவரு மூக்குக் கண்ணாடி, வெள்ளை பனியன், கையில அன்னைக்குத் தமிழ்ப் பேப்பரு. விஷயத்தச் சொன்னோம். "உள்ளுக்கு வாங்கோ"ன்னாரு. ஒக்கார வச்சாரு. மரியாதைக்குக் கொறைச்சல் இல்ல.

"ஐயா, அந்தப் பொண்ணு மைக்குலயே சொல்லுச்சு, இன்னும் கெடைக்கலன்னு. என் காதால கேட்டேன்"ன்னேன்.

"அது பேப்பரிலை இல்லையே."

"பேப்பர்ல இல்லாதது நடக்கலயா ஐயா?"ன்னாரு மாரிமுத்து அண்ணே.

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது. ஆனா என்ரை நிலைமையையும் யோசிச்சுப் பாருங்கோ. எங்கட கந்தோரிலை தமிழ் வாசிக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். நாளைக்கு ஆராவது இதைக் கண்டுபிடிச்சு, 'கனகசிங்கம், நீ தமிழ்ப் பேப்பர் வாசிக்கிறனீதானே, ஏன் மறைச்சனீ?' எண்டு கேட்டா? தமிழன் தமிழனுக்குச் செய்தான் எண்டுதான் சொல்லுவினம். இத்தினை வருசமா அந்தப் பேர் வராமல் இருந்திட்டன்."

"அதுக்காக தமிழன் தமிழனுக்குச் செய்யாம இருந்தா, அது என்ன பேரு ஐயா?"

நான் கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டுட்டேன். அந்த நேரம் பாத்து மாரிமுத்து அண்ணனுக்கு இருமல் புடிச்சிருச்சு. சாதாரண இருமல் இல்ல... நாற்காலியோட சேந்து ஆடுறாரு. உள்ள இருந்து அவங்க வீட்டம்மா ஓடியாந்து சுடுதண்ணி குடுத்துச்சு. கனகசிங்கம் எந்திரிச்சு நின்னுட்டாரு.

"டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ?"

மூச்சு திரும்பி வர கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் மாரிமுத்து அண்ணே சொன்னாரு, ரொம்ப அமைதியா. "காட்டத்தான் ஐயா வந்திருக்கேன். பைலு உங்ககிட்டதான இருக்கு?"

அந்த மனுஷன் மூஞ்சி தொங்கிப் போச்சு. "கமிட்டி சரி எண்டு சொல்லட்டும். சொன்ன அண்டைக்கே பைலை நானே கையிலை கொண்டுபோய் மேசையிலை வைக்கிறன்"ன்னாரு.

சொன்னபடி செஞ்சாரு. அத மறைக்கக் கூடாது. கமிட்டி சரின்னு சொன்ன அன்னைக்கே அவரே பைலத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுனாராம். அன்னைக்கே கையெழுத்தும் விழுந்துச்சு.

ஆனா கமிட்டி எப்ப கூடுச்சு? அறக்கட்டளை கெடு முடிஞ்சப்புறம்.

இங்கதான் எனக்கு வயிறு எரியுது. ஒரே கட்டடம்யா. லீலா ஒரு மாடியில, அவங்க ஒரு மாடியில. கூப்பிட்டு, "ஏம்மா, நீயா இந்த விழாவ வச்சே?"ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஊத்துன டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். கேக்கல. விளக்கம் எழுத்துல வேணும். வந்துச்சு. கமிட்டி ஆளு ஒருத்தரு லீவு. அவரு வந்தா இன்னொருத்தரு இல்ல. இதுக்கு நடுவுல முதலாளிங்க பக்கத்துல இருந்து யாரோ போன் பண்ணாங்கன்னு ஒரு பேச்சு. எனக்குத் தெரியாது. தெரியாதத நான் சொல்லமாட்டேன். முதலாளி முகமூடின்னு பேப்பர்ல வந்துச்சு, அதுக்கப்புறம் அங்க யாருக்கும் அவசரம் இல்லாம போச்சு... இந்த ரெண்டும் எனக்குத் தெரியும்.

ஒப்புதல் கடுதாசிய லீலா காக்கா கடைக்குக் கொண்டாந்துச்சு. மேசையில வச்சுது. மாரிமுத்து அண்ணே கைய வேட்டியில தொடச்சுட்டு எடுத்துப் பாத்தாரு. எழுதப் படிக்கத் தெரியாது அவருக்கும்.

"இதான் பெரியவரு கையெழுத்தா?"

"ஆமா மாமா."

"அழகாத்தான் இருக்கு"ன்னு திருப்பிக் குடுத்தாரு.

லீலா சும்மா இருக்கல. கெடு முடிஞ்சாலும் ஏத்துக்குங்கன்னு அறக்கட்டளைக்கு எழுதுச்சு. முடியாது, அடுத்த வருஷம் வாங்கன்னுட்டாங்க. அடுத்த வருஷம் அவங்க வேற எதுக்கோ பணம் குடுக்கப் போயிட்டாங்க. அதுக்குள்ள ஹார்பர்லயும் எல்லாம் மாறிப் போச்சு. மூட்டை போயி கன்டெய்னர் பெட்டி வந்துருச்சு. கொக்கிக்கு வேல இல்ல, எங்களுக்கும் இல்ல. கேங்ல ஒருத்தன் பந்திங்ல, ஒருத்தன் ஜொகூர்ல, ஒருத்தன் எங்கன்னே தெரியல. யாரத் தேடிப் புடிச்சு எக்ஸ்ரே எடுக்கறது?

மாரிமுத்து அண்ணன மட்டும் லீலா கூட்டிட்டுப் போயி எடுத்துச்சு. நுரையீரல்ல தழும்பு இருக்குன்னாங்க. எதனால வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாதுன்னாங்க. நஷ்டஈடு கேட்டுப் போன எடத்துல என்ன சொல்லியிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். ரோக்கோ.

ஒருத்தர் எக்ஸ்ரே. ஒருத்தர் வியாதி. லீலா மொதல்லயே சொல்லுச்சுல்ல?

அண்ணே வீட்டுலதான் போனாரு. ஒரு மத்தியானம், கஞ்சி குடிச்சுட்டு சுவத்துல சாஞ்சவரு. வீட்டுல செத்தா போலீஸ் ஸ்டேஷன்ல போயி பதியணும். மகன்கூட நான்தான் போனேன். அவங்க மெஷின்ல தட்டி ஒரு பேப்பர் குடுத்தாங்க. என்ன எழுதியிருக்குன்னு மகன கேட்டேன். "சாக்கிட் துவா"ன்னான். வயசாயி வந்த நோவாம். அண்ணன் வயசுக்காரன் ஒருத்தன் அந்த ஸ்டேஷன்லயே நின்னு வேல பாத்துக்கிட்டு இருந்தான். மாரிமுத்து அண்ணனுக்கு மூத்த மக கல்யாணம் கூட முடியல. என்ன வயசு? மீசையில வெள்ளை நாரு ஒட்டுனப்ப நாங்க கேலி பண்ணோமே, அந்த நரைதான் அவரு கண்ட வயசு.

பொணத்த எடுக்கறதுக்கு முன்னால தலைவர் வந்தாரு. நாற்காலி மொதல்லயே அனுப்பியிருந்தாரு. காரத் தொறந்து, பின் சீட்டுல இருந்து ஒரு பொன்னாடைய எடுத்து, கவரப் பிரிச்சு, நேரா போயி அண்ணன் மேல போத்துனாரு. அழுதுக்கிட்டேதான் போத்துனாரு. பொய் அழுகை இல்ல.

எனக்கு அவரு சட்டையப் புடிக்கணும் போல இருந்துச்சு. ஒரு அடி எடுத்து வச்சுட்டேன். லீலா பக்கத்துல நின்னுச்சு, கையப் புடிச்சிருச்சு.

"விடுங்க மாமா. இந்த ஒரு தடவதான் அவரு சரியான நேரத்துல போத்தியிருக்காரு."

இதாங்க அந்தக் கோவம். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துல அந்தப் பையன் மேல பொன்னாடை விழுந்தப்ப எனக்குத் தெரிஞ்சது இதுதான். பல்கலைக்கழகத்துக்கு பைலை இழுத்தடிக்கத் தெரியும், அது அவங்க பொழப்பு. அவங்களுக்குக் கயித்த எடுத்துக் குடுத்தது யாரு? நம்மதான... கைத்தட்டிக்கிட்டே.

அந்தப் பையன் பேர நான் சொல்லமாட்டேன். அவனுக்குக் கெடைக்கணும், கண்டிப்பா கெடைக்கணும். அவன் வீட்டத் தெரிஞ்சவங்க இத படிச்சா, எனக்காக ஒரு எட்டு போயி சொல்லிட்டு வாங்க. பொன்னாடைய அந்தக் கவர்லயே திருப்பி மடிச்சு வைக்கட்டும். போட்டோவ எந்தப் பத்திரிகைக்காச்சும் குடுத்திருந்தா இன்னைக்கே போயி திரும்ப வாங்கட்டும். கையெழுத்துப் போட்ட கடுதாசி கைக்கு வந்தப்புறம் திரும்ப விருந்து வைக்கட்டும்.

அன்னைக்கு நான் வரேன். சாப்பிட்டுட்டுத்தான் போவேன்.